ரெஸ்யூம் அண்ணனின் பாட்டில் கதை

யார் ரெஸ்யூமை நீட்டினாலும் அவர் முதலில் அடிப்பது ‘ஆர்வம்’ என்ற சொல்லைத்தான். காகிதத்தை வாங்கியதும் பெயரைக்கூடப் படிப்பதில்லை. சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றிக் கடைவாயில் அதக்கிக்கொள்வார். ‘சுற்றுச்சூழல் மீது தீராத ஆர்வம் கொண்டவன்’ என்ற வரி எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப் பிடித்து ஒரே கோடாக இழுத்துவிடுவார். “ஆர்வம் யாருக்குத்தான் இல்ல? எங்க மாமனாருக்குக்கூட மழை மேல ஆர்வம் உண்டு, பெய்யக் கூடாதுன்னு. பெயிண்ட் கடைக்காரர். அவருக்கு வேலை குடுப்பாங்களா?” என்பார். வாயில் மூடி இருப்பதால் பாதிச் சொற்கள் நசுங்கித்தான் வெளியே வரும். எதிரே நிற்பவர்கள் புரியாவிட்டாலும் தலையாட்டிவைப்பார்கள்.

அவருக்கு ரெஸ்யூம் அண்ணன் என்று பெயர் வைத்தது யார் என்று தெரியவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது, அதுவும் திட்டம் இருந்த மாதங்களில். சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். பட்டம் வாங்கிய பிறகும் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேற மறந்துபோனவர். ஓர் ஏரியை ஆராயும் திட்டம் முடிந்தால் அடுத்த ஏரித் திட்டத்தில் தற்காலிக உதவியாளராக ஒட்டிக்கொள்வார். ஏரி மாறும், திட்டத்தின் பெயர் மாறும், எங்கள் ஆய்வறை மூலையில் அவருடைய நாற்காலி மட்டும் மாறாது.

மாணவர்களுக்கு வேலை தேடும் வழி சொல்லித்தர எங்கள் துறை யாரையும் நியமித்ததில்லை. அந்த வெற்றிடத்தைக் காற்று நிரப்புவதற்கு முன்னால் அண்ணன் நிரப்பிவிட்டார். அவர் சொல் கேட்டு வேலைக்குப் போனவர்களின் புகைப்படங்கள், நீர் மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டியின் கதவு முழுக்க ஒட்டியிருந்தன. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அத்தனை பேரும் ஒன்றாக நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தக் கதவில் அண்ணனின் படம் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் நாகரிகமானவர்கள் என்பதால் சத்தமாகச் சொன்னதில்லை.

என் மேசை அவருடையதற்குப் பக்கத்து மேசை. நானும் அதே படிப்பைப் படித்துவிட்டு அதே வேலையைத் தேடிக்கொண்டிருப்பவன். அவர் சொன்ன ஆலோசனை ஒன்றுகூட என் காதுக்குத் தப்பியதில்லை. ஆகவே என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

எங்கள் படிப்புக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காற்றைக் கெடுப்பவர்களிடமும் ஆற்றைக் கெடுப்பவர்களிடமும் தாராளமாக இருக்கிறது. காப்பாற்ற நினைப்பவர்களிடம்தான் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. இந்த உண்மையை அண்ணன் என்றைக்கோ ஜீரணித்துவிட்டார். அதனால் ஒவ்வொருவரிடமும் மூன்று ரெஸ்யூம் இருக்க வேண்டும் என்பார். தொண்டு நிறுவனத்துக்கு ஒன்று, அதில் பறவைகளைப் பிடிக்கும். கம்பெனிக்கு ஒன்று, அதில் சட்டதிட்டங்களைப் பிடிக்கும். அரசாங்கத்துக்கு ஒன்று, அதில் எதையுமே பிடிக்காது. “கவர்மென்ட்டுல போய் எனக்கு இது பிடிக்கும் அது பிடிக்கும்னு நிக்காத. இவன் ஏதோ பண்ணிடுவான்னு பயந்துடுவாங்க.”

சிமென்ட் ஆலைக்கு விண்ணப்பம் போட்ட ஒருவன், ‘தூசு மாசு பற்றிய ஆய்வு’ என்று எழுதியிருந்தான். அண்ணன் அதிர்ந்துபோனார். “கல்யாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளைக்கு வழுக்கைன்னு சொல்லுவியா? மாசுங்கிற வார்த்தையே வரக் கூடாது. உமிழ்வு மேலாண்மைன்னு போடு” என்றார். அவன் போட்டான், வேலையும் கிடைத்தது. இப்போது அந்த ஆலையின் புகைபோக்கிக்குக் கீழே உட்கார்ந்து, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று மாதா மாதம் எழுதிக்கொண்டிருக்கிறான். குளிர்பெட்டிக் கதவில் மேல் வரிசையில் இருப்பவன் அவன்தான்.

தவளைகளை ஆராய்ந்த பெண் ஒருத்தி எங்கள் அறையில் இருந்தாள். ஆய்வறையே அவளைத் தவளை என்றுதான் அழைக்கும், அவளும் கோபப்படமாட்டாள். மெலிந்த குரல், யார் நிமிர்ந்து பார்த்தாலும் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும் பேச்சு. அவள் ரெஸ்யூமைப் பார்த்து அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். “தவளைக்கு எவன்மா சம்பளம் குடுப்பான்? தவளையை எடு. நீர்நிலையின் நலம் காட்டும் உயிரினங்கள்னு போடு” என்றார். “ஆனா அண்ணா, அது தவளைதானே?” என்றாள் அவள். “நமக்குத் தெரியும். அவங்களுக்கு எதுக்கும்மா தெரியணும்?” என்றார்.

மனிதர்களோடு பழக்கம் பிடிக்கும் கலையிலும் அவர் தனி வழி வைத்திருந்தார். கருத்தரங்குகளில் முன்வரிசையில் உட்காரக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. தேநீர் இடைவேளைக்காகக் காத்திருக்க வேண்டும். “டீ வரிசையில நிக்காதீங்க. சர்க்கரை வெச்சிருக்கிற இடத்துல நில்லுங்க. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அங்க வந்துதான் ஆகணும்.” இதை அவரே வருடக்கணக்காகச் செய்துவந்தார். ஒருமுறை பெரிய நிறுவனத்தின் இயக்குநர் ஒருவர் நேராக அவரிடம் வந்து, “ஏம்பா, ஸ்பூன் எங்க?” என்று கேட்டார். அண்ணன் ஸ்பூனைக் கொடுத்தார். கூடவே தன் விசிட்டிங் கார்டையும் கொடுத்தார். இயக்குநர் அந்த அட்டையாலேயே சர்க்கரையைக் கலக்கிவிட்டுப் போனதை நான் பார்த்தேன். “கையில வாங்கினாருல்ல? அதுதான் முதல் படி” என்றார் அண்ணன், அசராமல்.

அவரிடம் ஒரு கறுப்புக் கோட்டு உண்டு. கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக்கொடுத்தது. அறையில் யாருக்கு நேர்முகம் வந்தாலும் அந்தக் கோட்டுதான் போகும். ஒல்லியானவர்கள், பருமனானவர்கள், ஆண்கள், பெண்கள் என்று எல்லோர் தோளிலும் ஏறி இறங்கிய கோட்டு அது. மழையில் நனைந்துவிட்டால் மண் காயவைக்கும் சூடேற்றிப் பெட்டிக்குள் தொங்கவிட்டுக் காயவைப்பார். அதனால் எங்கள் துறையிலிருந்து நேர்முகத்துக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் லேசான ஏரிச் சேற்று வாசனை வீசும். “அதுவும் ஒரு அனுபவம்தான், கள அனுபவம்” என்பார்.

ஆனால் அவருடைய கைவசம் இருந்த பெரிய சொத்து கோட்டு அல்ல, ஒரு கதை. எந்த நேர்முகத்துக்குப் போனாலும், “உங்க தோல்வி ஒண்ணைச் சொல்லுங்க” என்று கேட்காமல் விடமாட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தோல்விக்கா பஞ்சம்? சபையில் சொல்லும்படியான தோல்விதான் யாரிடமும் இல்லை. ஒருவன் ஆசையாக வளர்த்த பாசியை விடுமுறையில் மறந்து காயவிட்டிருந்தான். இன்னொருத்தி கைடிடம் கோபித்துக்கொண்டு கழிப்பறையில் உட்கார்ந்து அழுதிருந்தாள். “முதலாவது அலட்சியம், ரெண்டாவது அழுகை. ரெண்டுமே தோல்வி இல்ல. தோல்வின்னா கடைசியில நீ நல்லவனாத் தெரியணும்” என்று அண்ணன் தள்ளிவிடுவார். பிறகு பெரிய மனது பண்ணி, “என்கிட்ட ஒண்ணு இருக்கு, எடுத்துக்கோ” என்பார்.

அந்தக் கதையை அவர் சொல்லியே கேட்க வேண்டும். “படிக்கிறப்போ ஆத்துல தண்ணி எடுக்கப் போனேன். பாதி பாட்டில்களைத் தோல் பதனிடுற ஆலைக்கு மேல நிரப்பினேன், பாதியை ஆலைத் தண்ணி கலந்த பிறகு கீழ நிரப்பினேன். லேபிள் எல்லாம் இங்க் பேனாவுல எழுதி ஒட்டினேன். பெட்டிக்குள்ள ஐஸ் உருகி, எல்லா எழுத்தும் கரைஞ்சு போச்சு. லேப்ல வந்து பார்த்தா எல்லா பாட்டிலும் ஒரே மாதிரி. எது மேல எடுத்தது, எது கீழ எடுத்தது, ஒண்ணும் தெரியல.” இங்கே நிறுத்தி ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது விதி. “ஏதோ ஒரு கணக்குல பிரிச்சு வெச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஆனா நான் நேரா கைடுகிட்ட போய் உண்மையைச் சொன்னேன். மறுநாள் விடியறதுக்குள்ள ஆத்துக்குத் திரும்பிப் போய் எல்லாத்தையும் மறுபடி எடுத்தேன். அன்னையிலேர்ந்து பென்சில்லதான் எழுதுறேன். மூடியிலயும் எழுதுறேன்.”

நேர்மை, உழைப்பு, பாடம் மூன்றும் ஒரே பாட்டிலில் அடைபட்ட கதை. இரவல் வாங்கிப்போன எவரையும் அது கைவிட்டதில்லை. ஒருவன் மின் நிலையத்தில் சொன்னான், ஒருத்தி காட்டிலாகாவில் சொன்னாள், வேறொருவன் தண்ணீர் பாட்டில் கம்பெனியிலேயே போய்ச் சொன்னான். ஆளுக்கொரு இடம் என்பதால் யாரும் யாரோடும் முட்டிக்கொள்ளவில்லை. கொடுத்த கதையை அண்ணன் திரும்பக் கேட்டதும் இல்லை.

வீட்டில் கதை வேறு. அண்ணி மருந்துக் கடையில் வேலை செய்கிறார், வீடு ஓடுவது அவருடைய சம்பளத்தில். மாமனார் ஆய்வறைக்கே ஒருமுறை வந்து, குளிர்பெட்டிக் கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மரியாதை குறையாமல், “மாப்பிள்ளை, எல்லாருக்கும் வேலை வாங்கிக் குடுக்கிறீங்க. அப்படியே உங்களுக்கும் ஒண்ணு சொல்லி வையுங்களேன்” என்றார். “மாமா, அடுத்தவங்க ரெஸ்யூமைப் பார்க்கிற மாதிரி நம்மளுதை நாமே பார்க்க முடியாது” என்றார் அண்ணன். மாமனார் கிளம்பினார். போகும்போது, கடையில் கூட ஓர் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஓர் இடத்துக்கு விளம்பரம் வந்தது. நீர்த் தர அலுவலர். ஒரே ஓர் இடம்தான், ஆனால் நிரந்தர வேலை, ஓய்வூதியம் உண்டு. அண்ணனுக்கு வயது வரம்பில் ஒரு கால் வெளியே போய்விட்டது. இதை விட்டால் அரசாங்க வேலை என்பது அவருக்கு இனி இல்லை.

அண்ணன் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க அண்ணி ஒருநாள் மதியம் துறைக்கு வந்தார். நான் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தும் பேச்சை மறைக்கவில்லை. “இது கிடைக்கலைன்னா அப்பா கடையில உக்காந்துடுங்க. சண்டைக்காகச் சொல்லலங்க. நாள் முழுக்க நின்னு நின்னு என் கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. இதுக்கு மேல என்னால இழுக்க முடியாது” என்றார். அண்ணன் டப்பாவின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார். “சரி” என்றார். அவர் வாயிலிருந்து ஆலோசனை இல்லாமல் ஒரு சொல் வந்து அன்றுதான் கேட்டேன்.

அடுத்த நாளே பழைய ஆளாகிவிட்டார். அந்த ஓர் இடத்துக்கு எங்கள் அறையே விண்ணப்பம் போட்டிருந்தது. அத்தனை பேரையும் அவரே உட்காரவைத்துத் தயார் செய்தார். நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டு, தேர்வுக் குழுவின் கோபக்கார உறுப்பினராக, போன் பார்க்கும் உறுப்பினராக, தூங்கும் உறுப்பினராக அவரே நடித்தார். “தூங்குறவரைப் பார்த்துப் பேசு. அவர்தான் தலைவரா இருப்பார்” என்று சொல்லித்தந்தார். தோல்வி இல்லாதவர்களுக்கெல்லாம் பாட்டில் கதையை வழங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணா, இவங்க எல்லாம் உங்களுக்குப் போட்டி. ஒரு சீட்டுதான் இருக்கு” என்றேன்.

“போட்டியா? இவங்களா?” என்று அவர் உண்மையிலேயே சிரித்தார். “பழகிக்கிறதுக்கு வர்றாங்கடா, பாவம். பிள்ளைங்களைப் பயமுறுத்தாத.”

இதில் பெருந்தன்மை எவ்வளவு, தலைக்கனம் எவ்வளவு என்று எனக்கு இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

நேர்முகத்தன்று வாரியத்தின் நீளமான நடைவழியில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒரே துறை, ஒரே சேற்று வாசனை. எழுத்து வரிசைப்படி தவளைக்கு முதல் அழைப்பு, அண்ணனுக்குக் கடைசி அழைப்பு. அது அவருக்கு வசதியாகப் போயிற்று. கதவோரத்தில் நின்றுகொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் காலரைச் சரிசெய்து, கோட்டை மாட்டி, முதுகில் தட்டி அனுப்பினார். வெளியே வந்ததும் கோட்டைக் கழற்றி அடுத்தவருக்குப் போட்டார். கதவைக் காவல் காத்த ஊழியர் அவரை வாரியத்து அதிகாரி என்று நினைத்து நாற்காலி போட்டுக்கொடுத்தார்.

தவளை முதலில் எழுந்தாள். கோட்டின் கை அவள் விரல்களை மூடியது. அண்ணன் குனிந்து இரண்டு கைகளையும் மடித்துவிட்டார். “பாட்டில்ல ஆரம்பி, பென்சில்ல முடி. நடுவுல யார் என்ன கேட்டாலும் கதையை மாத்தாத” என்றார். அவள் போனாள். திரும்பி வரும்போது முகம் சிவந்திருந்தது. “நல்லாத்தான் போச்சு அண்ணா. ஆனா அங்க ஒரு அம்மா இருக்காங்க, அவங்க நடுவுல...” என்று தொடங்கினாள்.

“அதெல்லாம் அப்புறம் சொல்லலாம். முதல்ல கோட்டைக் கழட்டு, அடுத்தவன் நிக்கிறான்” என்றார் அண்ணன்.

அவள் பாதி வாக்கியத்தோடு கோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். வழக்கம்போல மீதியைச் சொல்லாமலே விட்டுவிட்டாள்.

அடுத்தவன் போனான், அதற்கடுத்தவன் போனான். உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. “பார்த்தியா, நம்ம பசங்க கலகலப்பா பேசுறாங்க” என்று அண்ணன் பூரித்தார். என் முறை வந்தபோது நான் கோட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். தலைவர், ஒரு நிர்வாக அதிகாரி, பரிசோதனைக் கூடத்திலேயே தலை நரைத்த ஒரு வேதியியல் அம்மா. “உங்க தோல்வி ஒண்ணைச் சொல்லுங்க” என்றார் தலைவர். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா கையை உயர்த்தினார். “பாட்டில் இல்லாம சொல்லுங்க” என்றார்.

என் தோல்விகளில் எதைச் சொல்வது என்று குழப்பமாக இருக்கிறது, பட்டியல் நீளம் என்றேன். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கவைத்தவனுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் அண்ணனை ஓரமாக இழுத்துப்போனேன். “அண்ணா, உள்ள எல்லாரும் உங்க கதையைத்தான் சொல்லியிருக்காங்க. பாட்டில்னாலே சிரிக்கிறாங்க. நீங்க வேற ஏதாவது சொல்லுங்க.”

ஒரு நொடி அவர் முகம் மாறியது. பிறகு வழக்கமான இடத்துக்குத் திரும்பியது. “அவங்க சொன்னது இரவல்டா. அது என் கதை. சொந்தக்காரன் சொல்றப்போ வேற மாதிரி இருக்கும்” என்றார். கடைசி ஆளிடமிருந்து கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். இத்தனை பேர் வியர்வையில் அது ஈரமாக இருந்தது. அவருடைய காலரைச் சரிசெய்ய யாரும் இல்லை. நான்தான் செய்தேன்.

உள்ளே நடந்ததைத் திரும்பி வரும்போது பேருந்தில் அவரே சொன்னார். அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும், “இந்தக் கோட்டைக் காலையிலேர்ந்து பார்த்துட்டிருக்கோம்” என்றாராம் நிர்வாக அதிகாரி. அண்ணன் சமாளித்துச் சிரித்திருக்கிறார். தோல்வியைப் பற்றிக் கேட்டபோது, “மேடம், பாட்டில் கதை என்னுது. நிஜமாவே எனக்கு நடந்தது” என்றிருக்கிறார். “எல்லாருமே நிஜமாவேன்னுதான் சொன்னாங்க தம்பி” என்றாராம் அந்த அம்மா. இருந்தாலும் சொல்லவிட்டிருக்கிறார்கள். அண்ணன் ஒரு சொல் பிசகாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்து, பென்சிலில் முடித்திருக்கிறார்.

“முடிச்சதும் அந்த அம்மா கேட்டாங்கடா. லேபிள் போனா என்ன, மூடியைத் திறந்து மோந்து பார்த்தா தெரியாதா, எது ஆலைக்குக் கீழ எடுத்ததுன்னு? தோல் ஆலைத் தண்ணி நாத்தம் சும்மாவா இருக்கும்னு கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வாசனையே வரல மேடம்னு சொன்னேன்.”

பேருந்து ஒரு சிக்னலில் நின்றது. அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, போகலாம் என்று சொன்னதாகச் சொன்னார். மடியில் இருந்த கோட்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“நிஜமாவே வாசனை வரலையா அண்ணா?” என்று கேட்டேன்.

“வராம? மூடியைத் திறந்ததும் குமட்டிட்டு வந்துச்சு. நின்ன இடத்துலயே ரெண்டு பக்கமாப் பிரிச்சு வெச்சுட்டேன். கைடு லேசாத் திட்டினார், இனிமே பென்சில்ல எழுதுன்னு. அவ்வளவுதான் நடந்தது.”

“அப்போ விடியறதுக்குள்ள ஆத்துக்குப் போனது?”

“எங்க போனேன்? அதெல்லாம் பின்னாடி சேர்த்தது. மோந்து பார்த்துக் கண்டுபிடிச்சேன்னா அதுல தோல்வி எங்க இருக்கு? பாடம் எங்க இருக்கு?”

“அதை அந்த அம்மாகிட்டயே சொல்லியிருக்கலாமே!”

“கதையை நடுவுல மாத்தக் கூடாதுடா” என்றார் அண்ணன், மெதுவாக. “நான்தானே எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது. இத்தனை வருடம் பேசி நடித்து, கடைசியில் உண்மையே வாசல்வரை வந்து கேட்டபோது, ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாரே மனிதர்! நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இறங்கும் இடம் வருவதற்குள் அண்ணன் முன்சீட்டில் இருந்த கல்லூரிப் பையனிடம் என்ன படிக்கிறான் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வேலை தவளைக்குக் கிடைத்தது. யாராலும் நம்ப முடியவில்லை, அவளாலும்தான். அண்ணன் மட்டும் உடனே காரணம் கண்டுபிடித்தார். “தவளைன்னு எழுதாம விட்டோமே, அதுலதான் வேலை கிடைச்சுது” என்றார். அவளிடம் புகைப்படம் கேட்டு வாங்கி, குளிர்பெட்டிக் கதவில் இடம் இல்லாததால் சிமென்ட்காரனைக் கொஞ்சம் தள்ளி ஒட்டினார். அந்த மாதத்தோடு ஏரித் திட்டம் முடிந்தது. அடுத்த ஏரிக்கு அவர் காத்திருக்கவில்லை. அண்ணியிடம் சொன்ன அந்த ‘சரி’யைக் காப்பாற்றினார்.

இப்போது அவரைப் பார்க்க வேண்டுமானால் மாமனாரின் பெயிண்ட் கடைக்குத்தான் போக வேண்டும். மாமனார் கல்லாவில் இருப்பார். அண்ணன் கவுன்டருக்குப் பின்னால், சட்டையில் ஐந்தாறு நிறங்களோடு நிற்பார். வெள்ளை வேண்டும் என்று வருகிறவரிடம் வெள்ளையை எடுத்துக் கொடுப்பதில்லை. “முதல்ல உங்க சுவரோட பலவீனம் என்னன்னு சொல்லுங்க” என்பார். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். சிலர் உட்கார்ந்து, ஓதம், வெடிப்பு, மேல்வீட்டுக்காரரின் குழாய் என்று மனம்விட்டுப் பேசிவிட்டு, கேட்டதைவிட இரண்டு டப்பா கூடுதலாக வாங்கிப் போகிறார்கள். மாமனார் இதை எதிர்பார்க்கவில்லை. “என்ன சொல்லுங்க, மாப்பிள்ளைக்கு நல்ல மூக்கு. லேபிள் உரிஞ்சு போன டப்பாவைக்கூடத் திறந்து மோந்து பார்த்தே இன்னதுன்னு சொல்லிடறார்” என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்கிறார். அண்ணன் அப்போது வேறு பக்கம் திரும்பி நிறப் பட்டியலைச் சரிசெய்வார்.

சாயங்காலமானால் துறைப் பிள்ளைகள் டப்பாக்களுக்கு நடுவே வரிசையில் நிற்கிறார்கள். சிவப்புப் பேனா இப்போது காதில் செருகியிருக்கிறது. ‘ஆர்வம்’ இன்னும் அடிபடுகிறது. போன வாரம் அந்த வரிசையில் நானும் நின்றேன். வேறு வழியில்லை, அவரைவிட நன்றாக ரெஸ்யூம் பார்க்க இந்த ஊரில் ஆள் கிடையாது.

அன்றைக்குத்தான் தவளை வந்தாள். கையில் சாக்லேட் பெட்டி, கழுத்தில் வாரியத்தின் அடையாள அட்டை. அட்டை திரும்பிக்கொண்டு வெறும் முதுகைக் காட்டியது. பேச்சு இப்போது பாதியில் நிற்பதில்லை. “உங்களாலதான் அண்ணா” என்று பெட்டியை நீட்டினாள். அண்ணன் நீல பெயிண்டைக் கோலால் கலக்கிக்கொண்டே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு அன்னைக்கே நினைச்சேன், முடியல” என்றாள். “நீங்க திட்டக் கூடாது. நான் கதையை நடுவுல மாத்திட்டேன். இன்டர்வியூல இருந்த எங்க மேடம் திடீர்னு, மோந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமேன்னு கேட்டாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. ஆமா மேடம், மோந்து பார்த்துத்தான் பிரிச்சேன், ஆனா மூக்குன்னு ரிப்போர்ட்ல எழுத முடியாதே, அதனாலதான் திரும்பப் போய் எடுத்தேன்னு சும்மா அடிச்சு விட்டேன். அதுக்காகத்தான் என்னை எடுத்தாங்களாம். மேடமே அப்புறம் சொன்னாங்க. நடக்காததை எப்படி அண்ணா அவ்வளவு தைரியமாச் சொன்னேன்?”

கோல் நின்றது. மாமனார் கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். நான் அண்ணனைப் பார்க்காமல் இருக்க, அடுக்கில் இருந்த டப்பாக்களின் விலையைப் படித்தேன். “நல்லாத்தான் சொல்லியிருக்க” என்றார் அண்ணன்.

பிறகு பழைய துணியில் விரல்களைத் துடைத்தார், நகக்கண் வரைக்கும். கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்தார். அவள் கழுத்தில் திரும்பிக் கிடந்த அட்டையை, நீலம் படாமல் இரண்டு ஓரங்களிலும் பிடித்து, படமும் பதவியின் பெயரும் வெளியே தெரியும்படி திருப்பி வைத்து, கயிற்றையும் நேராக இழுத்துவிட்டார்.